தாழ்மை ஏலத்துக்கு விடப்படும்

தாராவியின் 90 அடி சாலையில் அரசியல்வாதிகளின் ஃப்ளெக்ஸ்தான் பெரிது என்று நினைப்பவர்கள், நற்செய்திக் கூட்டம் நடக்கிற வாரத்தில் அந்தப் பக்கம் வந்ததில்லை. நாற்பதடி ஃப்ளெக்ஸ். நடுவில் நீலக் கோட்டு போட்ட ஒருவர், ஒரு கையில் மைக், மறு கை வானத்தைப் பார்த்து. பக்கத்தில் துணைவியார், அதே நீலத்தில் சேலை. சிலுவையில் தொங்கியவர் எங்கே என்று தேடினால் வலது மேல் மூலையில் பாஸ்போர்ட் போட்டோ அளவில் இருப்பார்; அதுவும் ஸ்பான்சர் செய்த நகைக்கடை விளம்பரம் போக மிஞ்சிய இடத்தில். கோட்டுக்காரரின் பெயருக்குக் கீழே தங்க எழுத்தில் ‘கர்த்தரின் எளிய ஊழியக்காரன்’. அந்த எளிமை மட்டுமே எட்டடி நீளம்.

பெயருக்கு முன்னால் ‘அப்போஸ்தலர்’, அதற்கும் முன்னால் ‘டாக்டர்’. எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டால் அமெரிக்கா என்பார்கள். அமெரிக்காவில் எங்கே என்று கேட்டால் ஜெபிப்போம் என்பார்கள்.

பழைய சபைகள் பரவாயில்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அங்கே ஃப்ளெக்ஸுக்குப் பதில் வழக்கு. திருமண்டலத் தேர்தல் வந்துவிட்டால் நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் சட்டமன்றத் தேர்தல் தோற்றுப்போகும். அணி, எதிரணி, வேன், பிரியாணி. எல்லாருக்கும் சேவை செய்யத் துடிப்பு. அந்தத் துடிப்பின் உச்சத்தில் 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம், தென்னிந்தியத் திருச்சபையின் தலைமை நிர்வாகத்தைக் கவனிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நியமித்தது. விருந்தில் கடைசி இடத்தில் போய் உட்காரச் சொன்னவரின் சீடர்கள், முதல் நாற்காலி யாருக்கு என்று இராயனிடம் மனுப் போட்டு நின்றார்கள்.

நானும் இந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். வீடு தாணேயில். ஞாயிறு காலை ஸ்லோ லோக்கல் பிடித்து சயானில் இறங்கி, தாராவிக்குள் நடந்து, நெல்லைச் சீமையை அப்படியே பெயர்த்துக்கொண்டுவந்து வைத்த ஆராதனையில் உட்காருகிறவன். எந்தச் சபை என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்ற சபைக்காரர்கள் தங்களைச் சொல்லவில்லை என்று நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள்.

அறுப்பின் பண்டிகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் அதற்கு ஒரு பொருள் உண்டு. வயலில் விளைந்ததில் முதல் பங்கைக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். தாராவியில் அறுக்க என்ன இருக்கிறது? தோல், பிளாஸ்டிக், நூல் பிசிறு. ஆனாலும் பண்டிகை தவறாது. சனிக்கிழமை தாதர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிய பூசணிக்காய், ஞாயிற்றுக்கிழமை காலை நம் கைகளின் பிரயாசத்தின் பலனாக பலிபீடத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும். ஆராதனை முடிந்ததும் ஏலம்.

நான் பார்த்த ஒரு ஏலத்தில் அன்றைய பிரசங்கம் ஏழை விதவையின் இரண்டு காசு. போதகர் உருகினார், முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. பிரசங்கம் முடிந்து செயலாளர் எழுந்தார். “கவர் காணிக்கை கொடுத்தவங்க பேரு இப்ப வாசிக்கப்படும். நேரம் இல்லாததுனால ஐந்நூறுக்குக் கீழ உள்ள கவர் வாசிக்கிறதில்ல, யாரும் தப்பா எடுத்துக்கிடாதிங்க” என்றார். விதவையின் இரண்டு காசு அந்த நிமிஷமே பட்டியலிலிருந்து கழன்றது. யாருக்கும் அது உறைத்ததாகத் தெரியவில்லை. போதகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு பூசணிக்காய். ஒரு பக்கம் டிராவல்ஸ் நடத்தும் அண்ணாச்சி, மறுபக்கம் தோல் பை பட்டறைக்காரர். அடுத்த மாதம் கமிட்டித் தேர்தல். இரண்டு பேரும் பொருளாளர் பதவிக்கு நிற்கிறார்கள். காயை யாரும் பார்க்கவில்லை. ஆயிரம் ஒரு தரம், ரெண்டாயிரம் ஒரு தரம். செயலாளருக்கு நல்ல தொண்டை. “அண்ணாச்சி, பெருமைக்காகச் சொல்லாண்டாம், கர்த்தருக்காகச் சொல்லுங்க!” அண்ணாச்சி கர்த்தருக்காகப் பத்தாயிரம் என்றார். பட்டறைக்காரர் கர்த்தருக்காகப் பதினொன்று என்றார். அண்ணாச்சி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் கண்ணாலேயே ‘விடாதிய’ என்றார். பதினைந்தில் காய் விழுந்தது. அண்ணாச்சி எழுந்து கும்பிட்டு, “எனக்கு இந்தக் காய் வேண்டாம், மறுபடியும் ஏலம் விடுங்க” என்றார். கைதட்டல் கூரையைத் தூக்கியது. ஒரே பூசணிக்காய் மூன்று முறை விற்று, கடைசியில் போதகர் வீட்டு சாம்பாருக்குப் போனது.

விடிகாலை இட்லித் தூக்கைத் தலையில் வைத்து மாட்டுங்கா வரைக்கும் நடந்து விற்கிற ஒரு பெரியம்மா, தூக்குவாளி நிறைய மாவு கொண்டுவந்து வைத்திருந்தார். அவர் வீட்டில் அறுப்பு என்றால் அதுதான். மாவு ஏலத்தில் எடுபடாது என்று கமிட்டிக்காரர் ஒருவர் அதைப் பின்கட்டுச் சமையலறைக்கு அனுப்பிவிட்டார். பெரியம்மா வாளியைத் திரும்பக் கேட்டு அங்கே போனபோது, அசனச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவ ஆள் பற்றவில்லை என்று உட்காரவைத்துவிட்டார்கள். கழுவினார். அன்று அந்தக் கோயிலுக்குள் நடந்த ஒரே ஆராதனை அதுவாக இருக்கலாம். அதற்கு மைக் இல்லை.

கோயிலைச் சுற்றிப் பாருங்கள். மின்விசிறியின் இறக்கையில் பெயர். டியூப்லைட்டின் பட்டியில் பெயர். குடிதண்ணீர்த் தொட்டியில் தாத்தா பெயரோடு பேரன் பெயரும். அடிக்கல்லில் ஏழு பெயர், திறப்புக்கல்லில் பதினொன்று, புதுப்பிப்புக் கல்லில் இரண்டையும் மிஞ்சும் ஒரு வம்சாவளி. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியவேண்டாம் என்று சொல்லிப்போனார் ஒருவர். இப்போது இடது கைதான் வீடியோ எடுக்கிறது. 2020 ஏப்ரலில் தாராவி முழுக்க அடைபட்டுக் கிடந்தபோது அரிசிப் பையோடு வந்தவர்கள் பலர்; அவர்களுக்குக் கோடிப் புண்ணியம். ஆனால் அரிசி வந்தும் ‘ஐயா’ வரவில்லை என்பதற்காக, போட்டோ எடுக்கிறவரை சந்தில் வரிசையில் நின்ற பசியும் உண்டு. மாஸ்க்கை இறக்கி முகத்தைக் காட்டச் சொன்னார்கள். கொடுக்கிறவரின் முகத்தை.

இத்தனைக்கும் இவர்களில் பாதிப் பேர் எந்த மண்ணிலிருந்து மும்பைக்கு ரயில் ஏறினார்களோ, அதே மண்ணில்தான் டோனாவூர் இருக்கிறது. அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் இந்தியாவுக்கு வந்தபின் ஊர் திரும்பவேயில்லை, ஐம்பத்தைந்து வருஷம். கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட பெண்குழந்தைகளை எடுத்து வளர்த்தார். 1951 ஜனவரியில் இறந்தபோது, தன் புதைகுழிமேல் கல் வைக்கக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். பிள்ளைகள் மனம் கேட்காமல் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். அதில் ‘அம்மா’ என்று மட்டும் இருக்கிறது. எங்கள் ஊர்க் கமிட்டியிடம் விட்டிருந்தால் அந்தத் தொட்டியிலும் ‘உபயம்’ ஏறியிருக்கும்.

இன்னும் தெற்கே போனால் மயிலாடி. அங்கே வந்த ஜெர்மானியர் ரிங்கல்தௌபே, சம்பளத்தைக் கையில் வாங்கிய வேகத்தில் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார் என்று பெயரெடுத்தவர். 1816-இல் ஊரைவிட்டுப் போகும்போது அவரிடம் ஒழுங்கான ஒரு கோட்டுகூட இல்லை. தலையில் நாட்டு ஓலைத்தொப்பி. கப்பலேறினார். அதற்குப் பிறகு என்ன ஆனார், எங்கே புதைந்தார் என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. தென்திருவிதாங்கூரில் சீர்திருத்தச் சபைக்கு வித்திட்ட மனிதர். இன்றைக்கு அவர் தாராவிக்கு வந்து நின்றால் வாசலில் சேர் போடும் வாலண்டியர் கேட்பார்: “பிரதர், நீங்க எந்த ஊழியம்? யூடியூப் சேனல் உண்டா?”

எங்கள் தாணேக்கும் அப்படி நாலு பேர் வந்திருக்கிறார்கள். 1321-இல். மசுந்தா ஏரிக்கரைப் பக்கம், தலாவ் பாளி என்று ஷேர் ஆட்டோக்காரர்கள் கூவுகிற இடத்தில், போர்த்துக்கீசியர் காலத்து யோவான் ஸ்நானகர் ஆலயம் இருக்கிறதே, அதற்கும் இரண்டு நூற்றாண்டு முந்தைய கதை. பிரான்சிஸ்கன் துறவிகள். மூன்று பேர் இத்தாலியர், ஒருவர் திபிலிசியைச் சேர்ந்த டெமெட்ரியஸ். பல மொழி தெரிந்தவர், குருப்பட்டம் இல்லாத சகோதரர். கையில் காசு வைத்துக்கொள்வதில்லை என்பது அவர்கள் சபையின் விதி. கொல்லம் போகவேண்டிய கப்பலைக் காற்று தாணேயில் கொண்டுவந்து தள்ளியது. இங்கே பதினைந்து வீடு நெஸ்தோரியக் கிறிஸ்தவர்கள். அதில் ஒரு வீட்டில் தங்கினார்கள். அந்த வீட்டுப் புருஷன் பெண்டாட்டியை அடித்தான். அடிபட்டவள் காஜியிடம் போய் முறையிட்டாள். (சபைக் கமிட்டிக்குப் போகவில்லை, விவரமானவள்.) சாட்சி சொல்ல விருந்தாளிகளைக் கூப்பிட்டார்கள், பேச்சு மதத்தில் போய் முட்டியது, நாலு பேரும் கொல்லப்பட்டார்கள். பின்னாளில் இந்த வழியாக வந்த ஓடோரிக் என்ற துறவி இதை எழுதிவைத்தார். அவர் சேர்த்திருக்கும் அற்புதங்களை நான் அப்படியே விழுங்குகிறவன் இல்லை. ஆனால் ஒன்று நிச்சயம்: நாலு பேரும் ஒரு வீட்டுச் சண்டையில் மாட்டிக்கொண்ட பிச்சைக்காரத் துறவிகள். தாணேயில் எத்தனையோ ‘உயிர்மீட்சிக் கூட்டம்’ கேட்டுவிட்டேன். ஒரு மேடையிலும் இவர்கள் பெயர் வந்ததில்லை. நியாயம்தான். அவர்கள் சாட்சியில் கார் வரவில்லை, ஃபிளாட் வரவில்லை, மகனுக்குக் கனடா விசா கிடைக்கவில்லை.

பெரிய வியாழனுக்குக் கால் கழுவும் சடங்கு இருக்கிறது. 2013 மார்ச் 28 அன்று போப் பிரான்சிஸ், ரோமில் ஒரு சிறார் சிறைக்குப் போய்ப் பன்னிரண்டு கைதிகளின் பாதத்தைக் கழுவினார். அதில் இரண்டு பெண்கள், முஸ்லிம்களும் உண்டு. நம் பக்கம் பன்னிரண்டு பேரையும் பங்குப்பேரவையே தேர்ந்தெடுக்கிறது. அவர்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டு, நகம் வெட்டி, புதுச் செருப்பில் வருகிறார்கள். கழுவிய காலைத்தான் கழுவுகிறோம். தாராவியின் சாக்கடையில் இறங்குகிறவனின் கால் எந்த வருஷப் பட்டியலிலும் வராது, டைல்ஸ் பாழாகிவிடும்.

இதில் என் ஆத்திரத்துக்கு முக்கியக் காரணம் பகட்டு இல்லை. பகட்டைச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். தாழ்மையை எப்போதும் யாரிடம் கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். அண்ணாச்சியிடம் கேட்பதில்லை. பாத்திரம் கழுவுகிற பெரியம்மாவிடம் கேட்கிறார்கள். அடி வாங்குகிற மனைவியிடம், ‘பொறுத்துக்கோம்மா, தாழ்மையா இரு’ என்கிறார்கள். தலித் விசுவாசி கமிட்டியில் இடம் கேட்டால் உடனே அவருக்கு மட்டும் பெருமை வந்துவிட்டதாக ஒரு வேதபாடம். ஏற்கெனவே தரையில் கிடக்கிறவனைப் பார்த்துக் குனியச் சொல்வதற்கு ஒரு சபை வேண்டுமா?

வடக்கன்குளத்தில் 1872-இல் கோயிலுக்குள்ளேயே சுவர் கட்டி வெள்ளாளரையும் நாடாரையும் பிரித்தார்கள். இரண்டு கால்சட்டைக் குழாய் மாதிரி ஒரு கோயில், இடுப்பில் பலிபீடம். 1910-இல் குருமார் அதை இடித்தபோது தங்கள் மேன்மையே இடிந்ததாகக் கோர்ட்டுக்குப் போனவர்கள் உண்டு. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவர்களைப் பிரிக்கவும் சுவர் எழுந்தது; உயிர்த்தெழும் நாளிலும் கலந்துவிடக்கூடாதே! 2022 மே 15 அன்று தேவசகாயத்தைப் புனிதராக்கியபோது அவர் பெயரிலிருந்த சாதிப் பட்டமான ‘பிள்ளை’யை வத்திக்கான் எடுத்துவிட்டது. ரோமில் எடுத்தது எங்கள் கல்யாண மண்டபங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. தாராவியின் ஒரே சந்தில், பத்தடிக்குப் பத்தடி ஒற்றையறைக் கோலியில், பொதுக்குழாய்த் தண்ணீருக்கு ஒன்றாக நிற்கிறார்கள். பெண் கேட்கும்போது ‘நீங்க ஊர்ல எந்தத் தெரு?’

இனி ஒரு தமிழரைப் பற்றிச் சொல்லவேண்டும். திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937-இல் பிறந்தவர். இயேசு சபைக் குரு. கோட்டு இல்லை, ஃப்ளெக்ஸ் இல்லை. ஜார்க்கண்டில் ஆதிவாசிகளோடு முப்பது வருஷம். நிலத்துக்காகப் பேசியதற்கு மாவோயிஸ்ட் என்று முத்திரை குத்தி உள்ளே தள்ளப்பட்ட இளைஞர்களைக் கணக்கெடுத்தார், அவர்களுக்காக வழக்குப் போட்டார். ராஞ்சியில் அவர் அமைத்த பகாய்ச்சா மையத்தின் முற்றத்தில் பிர்சா முண்டா சிலையும், போராட்டங்களில் கொல்லப்பட்ட ஆதிவாசிகளின் பெயர் வெட்டிய கல்லும் இருக்கின்றன. கல்லில் பெயர் வெட்டுவதற்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது: மற்றவர்களுடையதை வெட்டுவது.

ஸ்டான் சுவாமி. 2020 அக்டோபர் 8 இரவு கைது, பீமா கோரேகாவ் வழக்கில், ஊபா எனும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில். வயது 83. கொண்டுவந்து வைத்தது எங்கே? தலோஜா சிறையில். தாணேயிலிருந்து ஷில்ஃபாட்டா வழியாகப் போனால் ஒரு மணி நேரம். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும், டம்ளரைப் பிடிக்க முடியாது. நவம்பர் 6 அன்று கோர்ட்டில் கேட்டார்: ஒரு ஸ்ட்ராவும் சிப்பரும். பதில் சொல்ல தேசியப் புலனாய்வு முகமை 20 நாள் அவகாசம் வாங்கியது. நவம்பர் 26 அன்று, அவருடைய ஸ்ட்ராவும் சிப்பரும் எங்களிடம் இல்லை என்றது. பிளாஸ்டிக் குழாய் ஒன்றின்மேல் ஒரு வல்லரசு இருபது நாள் யோசித்தது. உள்ளே அவருக்குச் சாப்பிட உதவியவர் அருண் ஃபெரேரா, குளிக்க உதவியவர் வெர்னன் கொன்சால்வெஸ். இருவரும் அதே வழக்கின் கைதிகள். கால் கழுவும் சடங்கு எங்கே நடந்தது என்று இப்போது தெரிகிறதா?

2021 மே 21 அன்று சிறையிலிருந்து வீடியோவில் உயர் நீதிமன்றத்திடம் பேசினார். வரும்போது நானே நடந்தேன், நானே உண்டேன், இப்போது ஒருவர் ஊட்டவேண்டியிருக்கிறது என்றார். ஜே.ஜே. ஆஸ்பத்திரி வேண்டாம், அதைவிட இங்கேயே சாகிறேன், விட்டால் என் மக்களிடம் போகிறேன் என்றார். பிறகு பாந்த்ராவின் ஹோலி ஃபேமிலி மருத்துவமனைக்கு மாற்றினார்கள். ஜூலை 5 பிற்பகல் ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தபோது, அவர் இறந்துவிட்டார் என்று டாக்டர் நீதிபதிகளிடம் சொன்னார். வழக்கு ஆரம்பிக்கவேயில்லை. அவர் கணினியில் இருந்ததாகச் சொல்லப்பட்ட கோப்புகள் வெளியிலிருந்து ஹேக் செய்து திணிக்கப்பட்டவை என்று ஓர் அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் 2022 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. தர்மபுரி மாவட்டத்தில் ஒருவர் தம் சொந்த நிலத்தில் அவர் நினைவாகக் கல்தூண் நட நினைத்தார், தாசில்தார் தடுத்தார். ஒரு கல்லுக்காகச் சென்னை உயர் நீதிமன்றம்வரை போகவேண்டியிருந்தது. எங்கள் கோயில் சுவரில் கல் பதிக்க செக் ஒன்று போதும்.

இயேசு சபையார் அவரோடு நின்றார்கள். பாந்த்ரா புனித பேதுரு ஆலயத்தில் அடக்கத் திருப்பலி நடந்தது. அதை மறைக்க நான் வரவில்லை. நான் கேட்பது எங்கள் தமிழ் மேடைகளை. சிறை ஊழியம் என்று ஆண்டறிக்கையில் தனித் தலைப்பு வைத்திருக்கிறீர்களே! கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு தாணே சிறை வாசலில் போட்டோ எடுத்துக்கொள்கிறீர்களே! ஒன்பது மாதம் கைதியாக ஒரு தமிழ்க் கிழவர் உங்கள் கர்த்தரின் பெயரைச் சொல்லிக்கொண்டு கிடந்தார். வாய் திறந்தீர்களா? கேட்டபோது கிடைத்த பதிலை மறக்கமாட்டேன்: “நாம தாழ்மையா இருக்கணும் பிரதர். அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லுது வேதம். அவரு ஆர்சி வேற.” கோழைத்தனத்துக்கு அங்கி மாட்டிக் காலரும் வைத்துத் தாழ்மை என்று பெயர் வைத்துவிட்டார்கள். டிரஸ்ட் பதிவு, வெளிநாட்டுக் காணிக்கை, மைதான அனுமதி, ஆறு மாதத்தில் திறக்கவேண்டிய மூன்றாவது மாடி. இத்தனை எளிமையைத் தூக்கிக்கொண்டு எப்படிப் பேசுவார்கள், பாவம்.

அவர் இறந்த வாரத்து ஞாயிறு, ஜூலை 11. கோவிட்டால் கோயில்கள் மூடிக்கிடந்தன, ஆராதனை ஜூமில். ஜெபக் குறிப்பு உண்டா என்று போதகர் கேட்டார். ஒருவர் மகள் நீட் தேர்வுக்காகக் கேட்டார். ஒருவர் செம்பூரில் விற்காமல் கிடக்கிற ஃபிளாட்டுக்காகக் கேட்டார். நான் ஸ்டான் சுவாமி என்று ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியம் பேசியிருப்பேன்; திரையில் எழுத்து வந்தது: ஹோஸ்ட் உங்களை மியூட் செய்திருக்கிறார். அதன்மேலேயே கட்டட நிதிக்கான க்யூஆர் கோடு வந்து விழுந்தது.